பூப்பறிக்கும் கையும் கால்வழிக் கேடும்

(தனித்தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பூவைத் தன் வாழ்வின் அளவுகோலாகக் கொண்ட இனம் தமிழினம். நிலத்தை வகுத்தபோது குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று பூவாற் பெயரிட்டது. போரை வகுத்தபோதும் வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை என்று பூவையே சூட்டியது. கபிலர் குறிஞ்சிப்பாட்டு ஒன்றிலேயே 99 பூக்களை நிரல்பட அடுக்கினார். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என ஒரே பூவின் பருவங்களுக்கு வெவ்வேறு பெயர் தந்த மொழி தமிழ்.

இத்துணைச் சொல்வளம் பூவுக்கு உண்டு. அப்பூவைப் பறிக்கும் கைக்கு இன்று நேரும் கேட்டைச் சொல்லத் தொழிலாளர் நாவில் வழங்கும் சொல் ஒன்றே ஒன்றுதான். அச்சொல் 'மருந்து'. "தோட்டத்துக்கு மருந்தடித்தாயிற்றா?" என்று கேட்கிறார் உடைமையாளர். "மருந்து நெடி தலையைச் சுற்றுகிறது" என்கிறாள் பூப்பறிக்கும் பெண். கடைக்காரர் விற்பதும் மருந்து. கைத்தெளிப்பானில் ஊற்றுவதும் மருந்து. மனமுடைந்தவன் குடித்துச் சாவதும் மருந்து!

திருவள்ளுவர் தம் நூலின் 95-ஆம் அதிகாரத்திற்கு 'மருந்து' என்று பெயரிட்டார். அங்கே அச்சொல் உடலைக் காப்பதைக் குறித்தது. அதே சொல் இன்று உடலைக் கெடுப்பதன் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. சொல் பிறழ்ந்தால் எண்ணம் பிறழும்; எண்ணம் பிறழ்ந்தால் செயல் பிறழும். மருந்தென்று எண்ணியவள் கையுறை கேட்கமாட்டாள். நஞ்சென்று அறிந்தவள் கேட்பாள். ஆதலின் இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று, உயிர்காக்கும் முயற்சி.

நஞ்சின் பிறப்பு

இந்நஞ்சுகளுள் ஒரு பெரிய குடும்பம் கரிமப் பாசுபரசு வகை. செருமானிய வேதியலறிஞர் கெரார்டு சிராடர் பூச்சிகளைக் கொல்லும் பொருள்தேடி ஆய்ந்தபோது, 1936-இல் 'தபூன்' என்னும் பொருளைக் கண்டார். 1938-இல் 'சரீன்' கண்டறியப்பட்டது. இவ்விரண்டும் போரில் மாந்தரைக் கொல்லும் நரம்புநஞ்சுகள். அதே ஆய்வின் தொடர்ச்சியாக வந்ததே 'பாரத்தியான்' என்னும் பூச்சிக்கொல்லி. பூச்சியின் நரம்பும் மாந்தனின் நரம்பும் செய்தி கடத்தும் முறை ஒன்றே. நரம்பின் செய்தியை முடித்துவைக்கும் நொதியை இவ்வகை நஞ்சு முடக்குகிறது. பூச்சி துடித்துச் சாகிறது. மாந்தன் உடற்பருமன் கரணியமாகச் சிறிது சிறிதாகப் பாதிக்கப்படுகிறான். வேறுபாடு அளவில்தான், வகையில் இல்லை.

இதனைத் தமிழகம் 1958-ஆம் ஆண்டிலேயே அறிந்தது. அவ்வாண்டு கப்பலிற் கொண்டுவரப்பட்ட கோதுமை மாவிற் பாரத்தியான் கலந்துவிட, கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கொடுமையின் பின்னரே 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971-இல் அதன் நெறிமுறைகளும் வந்தன.

உடனே கொல்லும் நஞ்சை அனைவரும் அஞ்சுவர். ஆனால் இவ்வுரை எடுத்துக்கொண்ட பொருள், உடனே கொல்லாது உயிரணுவின் உள்ளே புகுந்து கால்வழியையே தொடக்கூடிய நஞ்சு பற்றியது.

பூ ஏன் மிகுதியாக நஞ்சைப் பெறுகிறது?

நெல்லுக்கும் காய்க்கும் கனிக்கும் நஞ்செச்ச வரம்பு உண்டு. வாங்கும் நாடு அளந்து பார்க்கும். மிகுந்தால் திருப்பி அனுப்பும். பூவை எவரும் உண்பதில்லை என்பதால், ஐரோப்பிய நாடுகளிற்கூட வெட்டுப்பூவுக்கு அத்தகைய வரம்பு வைக்கப்படவில்லை. அதே வேளையில் பூவில் ஒரு பூச்சியும் இருத்தலாகாது. ஒரு பேனோ சிலந்தியோ தென்பட்டால் இறக்குமதி நாட்டின் துறைமுகத்திலேயே சரக்கு முழுதும் தடுக்கப்படும். இதழில் ஒரு புள்ளி இருந்தால் விலை இல்லை. நஞ்சுக்கு எல்லை இல்லை, பூச்சிக்கு மன்னிப்பு இல்லை என்னும் இவ்விரண்டு நிலைகளுக்கு இடையிற் சிக்கியவர் தொழிலாளர்.

2016-இல் பெல்சிய நாட்டு ஆய்வாளர்கள் கடைகளில் விற்ற முளரி (உரோசா), செர்பரா, சாமந்தி ஆகியவற்றின் 90 கொத்துகளை ஆய்ந்தனர். அவற்றில் 107 வகை நஞ்செச்சங்கள் இருந்தன. வீட்டுக்கு வந்துசேர்ந்த பூவின் நிலை இதுவெனில், அது விளைந்த குடிலின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

பசுங்குடில் என்பது நெகிழித் தாளால் மூடிய கூடாரம். வெப்பமும் ஈரமும் உள்ளேயே தங்கும். தெளித்த நஞ்சும் உள்ளேயே தங்கும். காற்று அடித்துச் செல்லாது, மழை கழுவாது. தெளிப்பவர் ஒருவரே; ஆனால் தெளித்தபின் அதே செடிகளிடையே நுழைந்து களையெடுப்பவர், மொட்டுக் கிள்ளுபவர், காம்பு வெட்டுபவர், தரம் பிரிப்பவர், கட்டுக் கட்டுபவர் பலர். அவருள் மிகப்பலர் பெண்கள். மூச்சுவழியாக மட்டுமே நஞ்சு புகும் என்பது பலரது எண்ணம். உண்மையில் வயலிலும் குடிலிலும் வேலை செய்வோர்க்குத் தோல்வழியே பெருவழி. முட்கீறிய விரல், வியர்த்த கை, நனைந்த சேலை ஆகிய மூன்றும் நஞ்சுக்குத் திறந்த கதவுகள்.

உயிரணுவினுள் நிகழ்வது

மாந்தரின் உடலணுக்களின் உட்கருவில் 46 நிறப்புரிகள் உள்ளன. பாடநூல்கள் குரோமோசோம் என்று சொல்வது இதுவே. தந்தையிடமிருந்து 23, தாயிடமிருந்து 23. அவற்றுள் சுருண்டு கிடக்கும் நீண்ட இழையே டி.என்.ஏ. கண்ணின் நிறமும், குருதியின் வகையும், எலும்பின் நீளமும் அவ்விழையில் எழுதப்பட்டுள்ளன. அது வழிவழியாக வரும் முறி. தாத்தனின் முறியைப் பெயரன் படிக்கிறான். தமிழில் மகனின் மகனைப் பெயரன் என்றனர். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். பெயர் மட்டுமா வருகிறது? முறியும் வருகிறது. முறியில் ஏற்பட்ட கிழிசலும் வரக்கூடும்.

நஞ்சு இம்முறியைக் கெடுப்பதற்கு மூன்று வழிகள் அறியப்பட்டுள்ளன. முதலாவது, சில பொருள்கள் நேரே இழையில் ஒட்டிக்கொண்டு எழுத்தை மாற்றிவிடும். இரண்டாவது, சில பொருள்கள் உயிரணுவினுள் அடங்காத உயிர்வளி மூலங்களைப் பெருக்கும். அவை இழையை அறுக்கும். மூன்றாவது வழி நுண்ணியது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது நிறப்புரிகளை இரு பக்கமும் இழுத்துச் செல்ல நுண்ணிய கயிறுகள் தோன்றும். 'பென்சிமிடசோல்' வகைப் பூஞ்சைக்கொல்லிகள் அக்கயிறுகளைப் பின்னவொட்டாமல் தடுக்கும். கயிறு அறுந்த நிறப்புரி வழியிலேயே நின்றுவிடும். ஒரு மகவணுவுக்கு ஒரு புரி மிகும். மற்றதற்கு ஒன்று குறையும்.

இவ்வாறு வழியில் நின்ற புரியோ, அறுந்த துண்டோ, உட்கருவுக்கு வெளியே ஒரு சிறு உருண்டையாகத் தங்கும். அதனை நுண்கரு என்பர். ஒருவர் குருதியில் ஒரு துளி எடுத்து, ஆயிரம் உயிரணுக்களில் எத்தனை நுண்கரு உள்ளன என்று எண்ணலாம். மற்றோர் ஆய்வில் உயிரணுவை மின்புலத்தில் வைப்பர். அறுபடாத இழை உருண்டையாகவே நிற்கும். அறுபட்ட இழை பின்னே இழுபட்டு வால்மீன்போலத் தோன்றும். வால் நீள நீளக் கேடு மிகுதி. இதற்கு வால்மீன் ஆய்வு என்றே பெயர். இவ்வளவும் தமிழிற் சொல்லக்கூடியவை. சொன்னால் எழுதப்படிக்கத் தெரியாதவர்க்கும் விளங்கக்கூடியவை.

பிறநாட்டுப் பூந்தோட்டங்களின் சான்றுகள்

இத்தாலியின் மேற்கு லிகூரியாக் கடற்கரை பூக்களுக்குப் புகழ்பெற்றது. அங்குள்ள பூவேளாண் தொழிலாளரைச் செனோவா நகர ஆய்வாளர் குளோடியா பொலோனேசியும் குழுவினரும் பல்லாண்டு ஆய்ந்தனர். 1993-இலும் 2002-இலும் வெளியிட்ட முடிவுகளில், பூத்தொழிலாளர் குருதியில் நுண்கருக்கள் பிறரினும் மிகுந்திருந்தன. தொழிலில் ஆண்டுகள் ஏற ஏற அவையும் ஏறின. திறந்தவெளியிலும் மாறிமாறி வேலை செய்தவரைவிடக் குடிலுக்குள்ளேயே வேலை செய்தவர்க்கு மிகுதி. காப்புடை அணியாதவர்க்கு இன்னும் மிகுதி. பென்சிமிடசோல் வகையைக் கையாண்டவரிடம் கயிறறுந்து நின்ற முழுப்புரிகளின் அடையாளமும் காணப்பட்டது.

தென்னமெரிக்காவின் ஈக்குவடார் நாடு நிலநடுக்கோட்டின்மேல் உள்ளது. அங்கே மலையுயரத்தில், ஆண்டு முழுதும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருப்பதால், முளரியின் காம்பு நேராகவும் நீளமாகவும் வளரும். 1980-களிலிருந்து கயாம்பே, தபகுந்தோ வட்டாரங்களில் நெகிழிக் குடில்கள் மலைச்சரிவுகளையே மூடின. தலைநகர் கீற்றோவின் பூந்தோட்டம் ஒன்றில் வேலை செய்த 45 பேரை ஆய்ந்த முடிவு 2002-இல் வந்தது. அவர்கள் 27 வகை நஞ்சுகளுக்கு ஆட்பட்டிருந்தனர். அவர்தம் நிறப்புரி முறிவுகள் ஒப்பீட்டுக் குழுவினரைவிடப் பல மடங்கு. நரம்பு நொதியோ குறைந்திருந்தது.

மெக்சிக்கோவின் மொரேலோசு மாநிலப் பூத்தொழிலாளரிடம் 2000-இல் வெளியான ஆய்வில், கன்னத்தின் உட்புறத்திலிருந்து வழித்தெடுத்த உயிரணுக்களிலும் நுண்கரு மிகுந்திருந்தது. தென்மார்க்கின் பசுங்குடில் தொழிலாளரிடமும் நிறப்புரி முறிவுகள் காணப்பட்டன. கையுறை அணியாதவரிடம் அவை மிகுந்திருந்தன. நாடுகள் நான்கு, மொழிகள் மூன்று, தட்பவெப்பம் வெவ்வேறு. கண்டது ஒன்றே.

கொலம்பியாவின் செய்தி கருவறையைத் தொடுகிறது. பொகோட்டா மேட்டுச் சமவெளியில் 1960-களில் பூவேளாண்மை தொடங்கி, அந்நாடு உலகின் இரண்டாம் பெரிய வெட்டுப்பூ ஏற்றுமதி நாடாக வளர்ந்தது. அங்கே 8,867 தொழிலாளரை, அவருள் 5,916 பெண்களை, மார்க்கோசு இரெசுத்திரேப்போ, நூபியா முன்யோசு முதலானோர் உசாவி ஆய்ந்து 1990-இல் வெளியிட்டனர். அவர்கள் ஆட்பட்ட நஞ்சுகள் 127 வகை. பூத்தொழிலில் நுழையுமுன் தாங்கிய சூலையும் நுழைந்தபின் தாங்கிய சூலையும் ஒப்பிட்டபோது, பின்னதிற் கருச்சிதைவும் குறைக்காலப் பிறப்பும் பிறவிக்கோளாறும் ஓரளவு மிகுந்திருந்தன. வேலை செய்த பெண்களிடம் மட்டுமன்று. வேலை செய்த ஆண்களின் மனைவியரிடமும் கருச்சிதைவு மிகுதியாகச் சொல்லப்பட்டது.

எது மெய், எது மிகை?

உண்மையை உரைப்போர் மிகைபடக் கூறுதல் ஆகாது. மிகை ஒன்று வெளிப்பட்டால் மெய் பத்தும் ஐயத்துக்கு உள்ளாகும். ஆதலின் இங்கு மூன்றைப் பிரித்தறிய வேண்டும்.

ஒன்று, உடலணுக் கேடு. குருதியிற் கண்ட நுண்கரு அந்த ஆளோடு முடிவது. அது பிள்ளைக்குச் செல்வதில்லை. எனினும் அது வெறுங்குறியன்று. 10 நாடுகளைச் சேர்ந்த 6,718 பேரைத் தொடர்ந்து கண்டு 2007-இல் வெளியிட்ட ஆய்வு, நுண்கரு மிகுந்தோர்க்குப் பிற்காலத்திற் புற்றுநோய் வருவது மிகுதி என்று காட்டிற்று. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றாய்வு நிறுவனம் 2015-இல் மாலத்தியான், டயாசினான் ஆகியவற்றை மாந்தர்க்குப் புற்று விளைப்பனவாக இருக்கக்கூடும் என்னும் வகுப்பிற் சேர்த்தது.

இரண்டு, கருவிலிருக்கும் பிள்ளைக்கு நேரும் கேடு. தாயின் குருதிவழி நஞ்சு சூலுக்குள் சென்று உறுப்புகளின் வளர்ச்சியைக் குலைக்கும். முறி கெடாமலே பிள்ளை கெடும். தபகுந்தோ வட்டாரத்தில் 7, 8 அகவைப் பள்ளிப் பிள்ளைகளை ஆய்ந்து 2006-இல் வெளியிட்டனர். சூலுற்றிருந்த காலத்திற் பூத்தொழில் செய்த தாய்மாரின் பிள்ளைகள், வரைந்து காட்டிய வடிவத்தைப் பார்த்து வரையும் திறனிற் பின்தங்கியிருந்தனர். தென்மார்க்கில் 2008-இல் வெளியான ஆய்வில், பசுங்குடிலில் வேலை செய்த தாய்மாரின் ஆண்மகவுகளிடம் விதை இறங்காக் குறை மிகுந்திருந்தது.

மூன்று, விந்தணுவிலும் சினைமுட்டையிலும் நேரும் கேடு. இதுவே கால்வழியிற் செல்லக்கூடியது. மாந்தரிடம் இதனை ஐயமற நிறுவுதல் கடினம். ஏனெனில் தலைமுறைகள் காத்திருக்க வேண்டும். ஆயினும் நஞ்சு அவ்வறைக்குள் புகும் என்பதற்கு ஐயமில்லை. 1977-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மண்ணிலுள்ள நூற்புழுவைக் கொல்லும் டி.பி.சி.பி. என்னும் பொருளைச் செய்த தொழிலகத்தில், தொழிலாளர் தமக்குள் பேசிக்கொண்டிருந்தபோது பலர்க்குப் பல்லாண்டாகப் பிள்ளைப்பேறே இல்லை என்பது தெரியவந்தது. ஆய்ந்தபோது விந்தணு அற்றுப்போயிருந்தது. அக்கேட்டை முதலிற் கண்டவர் மருத்துவர் அல்லர். தம் மொழியில் ஒருவரோடொருவர் மனந்திறந்து பேசிய தொழிலாளரே.

இந்தியாவிலும் இதன் நிழல் உண்டு. ஐதராபாத்து ஆய்வாளர்கள் ஆந்திரப் பருத்தி வயல்களில் நஞ்சு தெளித்த ஆடவரின் குடும்பங்களை, ஆயிரத்துக்கு மேற்பட்ட இணையரை, உசாவி 1991-இல் வெளியிட்டனர். கருச்சிதைவும் செத்துப்பிறத்தலும் பிறவிக்குறையும் அக்குடும்பங்களில் மிகுந்திருந்தன. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஏறத்தாழ இருபதாண்டு வானூர்தியால் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டு, 2011-இல் உச்ச நயன்மன்றம் அந்நஞ்சை நாடு முழுதும் தடுத்ததும், 2017-இல் பாதிக்கப்பட்டோர்க்கு ஐந்து இலக்கம் உருபா வழங்குமாறு ஆணையிட்டதும் அனைவரும் அறிந்தவை.

எல்லாரும் ஒரே அளவிற் பாதிக்கப்படுவதில்லை

"நாற்பதாண்டு மருந்தடித்தவன் கல்லுப்போல் இருக்கிறானே!" என்று சிலர் வினவுவர். அதற்கும் அறிவியல் விடை தருகிறது. கல்லீரல் செய்து குருதியில் விடும் 'பாராக்சனேசு' என்னும் நொதி, கரிமப் பாசுபரசு நஞ்சைச் சிதைக்கும் காவலன். அந்நொதியைச் செய்யும் மரபணு எல்லார்க்கும் ஒரே வடிவில் இல்லை. அதன் 192-ஆம் இடத்தில் சிலர்க்கு ஒரு கட்டுப்பொருளும் சிலர்க்கு வேறொன்றும் உள்ளன. அதனால் ஒருவர் காவலன் விரைந்து செயற்படுவான். மற்றவர் காவலன் மெல்லச் செயற்படுவான். பிறந்த குழந்தையின் குருதியில் இந்நொதி தாயிடம் உள்ளதினும் மிகக் குறைவு. தாய் தாங்கும் நஞ்சைச் சூல் தாங்காது.

இவ்வறிவு தவறாகப் பயன்படவும் கூடும். "வலிய மரபணு உடையவனை மட்டும் வேலைக்கு எடுப்போம்" என்று ஒரு நாள் ஓர் உடைமையாளர் சொல்லலாம். பிறப்பாற் பிரிக்கும் பழைய கொடுமைக்குப் புதிய பெயர் சூட்டுவதாகும் அது. பிறப்பொக்கும் என்ற நெறியில் வந்தோர் இதனை ஒருகாலும் ஏற்றல் ஆகாது. மாற்றவேண்டியது நஞ்சு; மாந்தன் அல்லன்.

தமிழ்நாட்டுப் பூவும் தமிழ்நாட்டுச் சட்டியும்

ஓசூர் மேட்டுநிலத்தில், கிருட்டிணகிரி மாவட்டக் குடில்களில், வெளிநாட்டுக்கு அனுப்பும் முளரி விளைகிறது. நிலக்கோட்டையும் மதுரையும் சத்தியமங்கலமும் மல்லிகைக்குப் பேர்பெற்றவை. மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடும் பெற்றது. தோவாளைச் சந்தையின் பூ கேரளத்துக்கும் செல்கிறது. மல்லிகையின் எதிரிகள் மொட்டுப்புழு, மொட்டு ஈ, செஞ்சிலந்தி. மொட்டைக் காக்க மொட்டின்மேலேயே தெளிக்கவேண்டும். விடியுமுன் வெறும் விரலால் கிள்ளப்படுவதும் அதே மொட்டு. கிள்ளிய கையால் உணவும் உண்ணப்படுகிறது, பிள்ளையும் தூக்கப்படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1971-ஆம் ஆண்டு நெறிமுறைகள், தெளிப்போர் வேலைக்குச் சேருமுன்னும், பின்னர் மூன்று திங்களுக்கு ஒருமுறையேனும் மருத்துவ ஆய்வு பெறவேண்டும் என்கின்றன. கரிமப் பாசுபரசு, கார்பமேட்டு வகைகளைக் கையாள்வோர்க்குத் திங்கள்தோறும் குருதியில் நரம்பு நொதியை அளக்கவேண்டும் என்கின்றன. காப்புடை, மூச்சுக்காப்பு, மாற்றுமருந்து, பயிற்சி ஆகியவற்றையும் கட்டாயமாக்குகின்றன. சட்டத்தின் எழுத்து நன்று. எந்தச் சிற்றூர்ப் பூந்தோட்டத்திலேனும் திங்கள்தோறும் குருதி எடுக்கப்படுவதைக் கண்டவர் உளரா என்பதைக் கேட்போர் தம் ஊரிலேயே உசாவிப் பார்க்கலாம். சட்டம் கையாள்வோரையும் தெளிப்போரையும் குறித்துப் பேசுகிறது. மறுநாள் விடியலில் அதே செடியைத் தொடும் பெண்ணைக் குறித்து அது விரித்துப் பேசவில்லை. அமெரிக்காவில் நஞ்சின் கொடுமைக்கு ஏற்பத் தெளித்தபின் 4 மணி முதல் 48 மணி நேரம்வரையும், சிலவற்றிற்கு அதனினும் மிகுதியாகவும், தொழிலாளர் உள்ளே நுழையத் தடை உண்டு.

தடைகளும் முரண்பட்டவை. 2018-இல் நடுவணரசு 'பெனோமில்' என்னும் பூஞ்சைக்கொல்லியைத் தடுத்தது. பெனோமில் செடியிலும் மண்ணிலும் சிதைந்து எதுவாக மாறுகிறது? 'கார்பெண்டசிம்' ஆக மாறுகிறது. அதுவே பென்சிமிடசோல் குடும்பத்தின் கயிறறுக்கும் பொருள். ஐரோப்பிய ஒன்றியம் அதனைக் கால்வழி முறியைக் கெடுக்கவல்லது என்றும், பிள்ளைப்பேற்றுக்குத் தீங்கானது என்றும் வகுத்துள்ளது. 2020-இல் நடுவணரசு தடைசெய்ய எண்ணி வெளியிட்ட 27 நஞ்சுகளின் வரைவிற் கார்பெண்டசிமும் இருந்தது. 2023-இல் முடிவான ஆணை வந்தபோது தடுக்கப்பட்டவற்றுள் அதன் பெயர் இல்லை. தாயைத் தடுத்து மகவை விற்கவிட்டது போன்றது இது!

சிட்டையில் தமிழ் எங்கே?

இனி இவ்வியக்கத்தினர் நேரே பொறுப்பேற்கவேண்டிய பகுதி. நெறிமுறைகளின்படி நஞ்சுப் புட்டியின் சிட்டையும் உள்ளிடும் துண்டறிக்கையும் இந்தி, ஆங்கிலம், அவற்றோடு வட்டார மொழி ஒன்றோ இரண்டோ கொண்டிருத்தல் வேண்டும். இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் பெயர் சொல்லி இடம். தமிழுக்கு 'வட்டார மொழி' என்னும் பொதுப்பெயர்! இடம் கிடைத்த தமிழும் எறும்பினும் சிறிய எழுத்தில் அச்சாகிறது. படிக்க முடிந்தாலும் பொருள் விளங்காத மொழிபெயர்ப்பு. தமிழனின் தோலை எரிக்கும் நஞ்சு தமிழனிடம் தமிழிற் பேச மறுக்கிறது.

சிட்டையிற் சாய்சதுர வண்ணக்குறி ஒன்று உண்டு. சிவப்பு மிகக் கொடிய நஞ்சு; மஞ்சள் கொடிய நஞ்சு; நீலம் நடுத்தர நஞ்சு; பச்சை சிறுநஞ்சு. இவ்வண்ணங்கள் உடனே கொல்லும் ஆற்றலை மட்டும் காட்டுவன. முறியைக் கெடுக்கும் ஆற்றலை எவ்வண்ணமும் காட்டாது. உடனடிக் கொடுமை மிகக் குறைந்த கார்பெண்டசிம் பச்சைக்குறி பெறத்தக்கது. பச்சை கண்டவன் அச்சமின்றி வெறுங்கையாற் கலக்குவான். ஆகவே வண்ணம் போதாது. தெளிந்த தமிழ்ச்சொல் வேண்டும்.

"அறிவியலைத் தமிழிற் சொல்ல முடியாது" என்று இன்றும் பேசுவோர் உளர். அவர்கள் ஓசூர்க் குடிலுக்குள் சென்று பார்க்கட்டும். அறிவியல் தமிழிற் சொல்லப்படாமையின் விலையைக் கொடுப்பவர் பேராசிரியர் அல்லர், நாட்கூலிப் பெண். உயிரணு, உட்கரு, நிறப்புரி, மரபணு, நுண்கரு, நொதி, கால்வழி என்னும் சொற்கள் அகராதியில் உறங்குவதற்காகப் பிறக்கவில்லை.

செய்யவேண்டுவன

அரசு செய்யவேண்டுவன: தெளித்தபின் நுழைவுத்தடைக் காலத்தைச் சட்டமாக்குதல், குடில் வாயிலில் எந்நாள், எம்மணி, எந்நஞ்சு தெளிக்கப்பட்டது என்று தமிழில் எழுதிவைக்கச் செய்தல், பூப்பறிப்போரையும் தரம்பிரிப்போரையும் மருத்துவ ஆய்வுக்குள் கொண்டுவருதல், சூலுற்ற பெண்ணைக் கூலி குறையாமல் நஞ்சில்லா வேலைக்கு மாற்றுதல், கால்வழி முறியைக் கெடுக்கும் பொருள்களைப் பூந்தோட்டங்களிலிருந்து முற்றாக நீக்குதல்.

தமிழன்பர் செய்யவேண்டுவன: முதலாவது, 'பூச்சி மருந்து' என்னும் சொல்லை நாவிலிருந்தும் எழுத்திலிருந்தும் விலக்கிப் 'பூச்சிக்கொல்லி நஞ்சு' என்றே வழங்குதல். 'மருந்தடித்தான்' என்பதை 'நஞ்சு தெளித்தான்' என்று மாற்றுதல். இரண்டாவது, பூவூர்கள்தோறும் சென்று சிட்டையைப் பெண்களிடையே உரக்கப் படித்துக்காட்டி எளிய தமிழில் விளக்குதல். மூன்றாவது, கையுறையும் நீண்ட கைச்சட்டையும் கேட்பது உரிமையென்றும், வேலை முடிந்தவுடன் கைகழுவி உடைமாற்றியபின்னே பிள்ளையைத் தூக்கவேண்டுமென்றும் எடுத்துரைத்தல். நான்காவது, கருச்சிதைவும் பிறவிக்குறையும் 'ஊழ்' என்றும் 'தெய்வக்குற்றம்' என்றும் மறைக்கப்படாமல், பெண்கள் தமக்குள் பேசவும் எண்ணவும் துணைநிற்றல். தாயின் மேல் பழிபோடும் மடமையை அறிவு அகற்றட்டும்.

பெருமக்களே! மகன், பெயரன், கொள்ளுப்பெயரன், எள்ளுப்பெயரன் என்று வருந்தலைமுறைகளுக்குத் தமிழ் பெயர் வைத்திருக்கிறது. இன்னும் பிறவாதவனுக்கும் உறவுப்பெயர் உண்டு. அவனுக்கு உரிமையும் உண்டு. கலங்காத முறியோடு பிறக்கும் உரிமை அது. அவ்வுரிமையைக் காக்கும் முதற்படி, நஞ்சை நஞ்சென்று சொல்வது. அதனைத் தமிழ் சொல்லட்டும், தமிழர் கேட்கட்டும், பூப்பறிக்கும் கைகள் காக்கப்படட்டும்.